சுவரோர வரிசை

மரத்தக்கா செடி வளர்ப்பது கொல்வதற்காக. இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. கட்டப்போகும் கட்டடங்களுக்குச் சிறு மாதிரி செய்து தரும் பட்டறையில் அவளுக்கு மரம் செய்கிற வேலை. வீடு எழும்புவதற்கு முன்பே, வாங்க வருகிறவருக்குக் காட்ட மேசையளவில் ஒரு ஊர் வேண்டியிருக்கிறது. அந்த ஊருக்குச் சுவர் வெட்ட ஒருவர், நகத்தைவிடச் சின்ன மனிதர்களுக்குச் சட்டை வண்ணம் தீட்ட ஒருவர் என்று ஆள் இருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அங்கே எப்போதோ நின்றுபோயிருந்தது. சுவர் வெட்டுகிறவர் சுவர்க்காரர், ஆள் செய்கிறவர் ஆள்காரர். இவள் மரத்தக்கா.

அவள் வளர்க்கும் செடிக்குப் புத்தகங்களில் ஏதோ நீளமான பெயர் இருந்தது. பட்டறையில் அதற்கு மரச்செடி என்று பெயர். வீட்டுக்குப் பின்னால் மணல் கலந்த பாத்தியில் விதையை நெருக்கித் தூவுவாள். முளைக்கும்வரை தண்ணீர் தெளிப்பாள். அதற்கப்புறம் பட்டினி. நன்றாகத் தண்ணீர் விட்டு வளர்த்தால் அந்தச் செடி கொழுத்து, இலையாய் விட்டு, ஒன்றுக்கும் உதவாமல் போகும். பட்டினி போட்டால் பயந்துபோய், அவசர அவசரமாகப் பூத்து, விதை பிடித்து, நூல் நூலாகக் கிளை பிரிந்து, சாண் உயரத்தில் அசல் மரம் மாதிரி நிற்கும். அப்போது வேரோடு பிடுங்கி, இடுக்கியால் இலையைக் கிள்ளி, தண்டு நேராகக் காயட்டும் என்று பாரத்துக்குத் தலையில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டித் தலைகீழாகக் கொடியில் தொங்கவிடுவாள். காய்ந்ததும் தண்ணீராய்க் கரைத்த பசையில் முக்கியெடுத்து, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளைத் தூவினால் தீர்ந்தது.

உயிரோடிருந்த பச்சைச் செடியைச் சாகடித்து, உயிரோடிருப்பது போலத் தெரிய அதற்குப் பச்சை பூசுவது. போதாக்குறைக்கு, நிஜ மரத்தை அறுத்த தூள்தான் பொய் மரத்துக்கு இலை. இதையெல்லாம் யோசித்து மண்டையைக் குழப்பிக்கொள்கிற ஆள் மரத்தக்கா இல்லை. அந்த வேலையை அவள் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார்.

அவர் குடிநீர் வாரியத்தில் தெருத்தெருவாகப் போய் வால்வு திறந்துவிடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க, காலிக் குடத்தோடு நிற்கிற எந்த முகத்தையும் பார்க்க முடியாதவர் என்று பெயர் வாங்கி, அதனாலேயே மேலதிகாரிகளிடம் வேறு பெயரும் வாங்கியிருந்தார். முழங்கால் வலி வந்தபின் பாத்திக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எதிரே செடிகள் வாடிக்கொண்டிருக்கும்.

"ஏண்டி, வாயில்லாத ஜீவன்ங்கிறதுக்காக இப்படியா?"

"வாய் இருந்தாலும் கிடையாது."

"ஒரு மக் தண்ணிதானே."

"அதுல ஒரு சொட்டு விழுந்துச்சுன்னு தெரிஞ்சா, இந்த வீட்ல உங்களுக்கும் டீ கிடையாது."

"நல்லவேளை, நான் நேரா நிக்கணும்னு உனக்கு அவசியமில்ல. இருந்திருந்தா என்னையும் கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டிருப்ப."

இப்படிப் பேசிக்கொள்வது அவர்களுக்குள் வருஷா வருஷம் நடப்பது. வருஷா வருஷம் நடக்கும் இன்னொன்றும் உண்டு. பாத்தியில் சுவருக்குப் பக்கத்து வரிசை மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காது. மற்றவை ஒல்லியாய்க் கிளை பிரியும்போது அந்த ஒரு வரிசை தண்டு தடித்து, தோள் அகன்று, குண்டுக் குழந்தைகள் மாதிரி நிற்கும். சுவரில் ஈரம் கசிகிறது என்று மரத்தக்கா முடிவு செய்தாள். பூச்சுப் பூச வேண்டும் என்றாள். அவரும் கொத்தனாரைக் கூட்டிவந்து, நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்து, ஒரு விரிசல் விடாமல் பூசவைத்தார். அடுத்த வருஷம் அந்த வரிசை இன்னும் கொழுத்தது. சரி, மண்ணில்தான் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டாள். பட்டறையில் எப்போதாவது பெரிய மரம் கேட்டால் அந்த வீணாய்ப்போனதில் ஒன்றைப் பிடுங்கிக் கொடுப்பாள். மிச்சம் குப்பைக்குப் போகும்.

இந்த வருஷம் நாற்று விரலளவு வந்திருந்தபோது ஒரு காலையில், செருப்பு மாட்டக் கட்டிலில் உட்கார்ந்த வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. ஒரு செருப்பு காலில் இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் அழுதார்கள். அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடு அண்ணி, உள்ளேயே வச்சுக்காத" என்றாள். உள்ளே என்ன இருக்கிறது என்று மரத்தக்காவும் தேடிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. அழாததற்காக நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ என்று மட்டும் தோன்றியது. வீட்டில் எல்லாப் பொருளும் வைத்த இடத்தில் இருந்தது. வைத்தவள்தான் எங்கோ வெளியூர் போயிருப்பது போல இருந்தது. காரியம் முடிந்ததும் பட்டறைக்குப் போனாள். போகவேண்டும் என்றில்லை, பஸ் வந்தது, ஏறினாள்.

மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"அம்மா, தனியா இங்க உக்காந்துக்கிட்டு என்ன பண்ணப் போற? எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு."

சும்மா கிடக்கிற அந்த அறையில் இஸ்திரி மேசையும், மருமகள் ஒருமுறை ஏறி இறங்கிய நடைப்பயிற்சி எந்திரமும் குடியிருந்தன. பால்கனியில் ஏசி பெட்டி நிற்பதற்கே அது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாத்தி என்ற பேச்சுக்கே இடமில்லை.

"இப்ப ஒரு பெரிய ஆர்டர் வந்திருக்கு. அதை முடிச்சுக் குடுத்துட்டேன்னா இங்கயே இருக்கேன். முடியலைன்னா வந்துடறேன்."

"சொன்னா சொன்னதுதானே?"

"சொன்னா சொன்னதுதான்."

அன்று மாலையே அவன் எந்திரத்தை விற்க ஆள் தேட ஆரம்பித்துவிட்டான். ஆக, வீடு, வேலை, பாத்தி மூன்றும் ஒரே ஆர்டரில் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் அதில் கவலை இருந்தது. மரத்தக்காவுக்கு மட்டும், பஸ் இந்தப் பக்கம் போனாலும் சரி, அந்தப் பக்கம் போனாலும் சரி என்பது போல இருந்தது.

அறுவடை வந்தது. அப்படியொரு அறுவடை அவள் கண்டதில்லை. பாத்தி முழுக்க ஒல்லி ஒல்லியாய், ஒன்றைப்போல ஒன்று. காய்ந்ததைப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது முதலாளி ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுகூடக் கழிக்கிறதுக்கு இல்லியேக்கா. இந்த வருஷம் அப்படி என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

அது முழு உண்மை என்று அப்போது அவளுக்கே தெரியாது.

சிக்கல் அதற்கப்புறம் வந்தது. ஆர்டர் ஒரு குடியிருப்புக்கு. நிலத்துக்காரம்மா நிலத்தைக் கொடுக்க ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: நடுவில் நிற்கிற அவர்களுடைய பழைய மரத்தை வெட்டக் கூடாது. அதற்காகக் கட்டடங்களையே வளைத்து வரைந்திருந்தார்கள். மாதிரியில் அந்த மரத்தைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று அந்தம்மா சொல்லிவிட்டார். கொடுத்திருந்த படத்தில் அந்த மரம் தண்டு பருத்து, குடை விரித்தாற்போல நின்றது.

மரத்தக்காவிடம் இருந்ததெல்லாம் ஒல்லி. நாலைந்தைச் சேர்த்துக் கம்பியால் சுற்றிப் பசை போட்டு நிறுத்தினாள். ஆள்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது மரமில்ல. துடைப்பம் தலைகீழா நிக்குது."

"உங்க ஆள் ஒருத்தன அதுக்குக் கீழ நிறுத்துங்க, பெருக்கட்டும்."

பேச்சு பழக்கத்தில் வந்தது. முதலாளி சிரிக்கவில்லை. "பெரிய மரம் இல்லைன்னா இந்த ஆர்டர் கைய விட்டுப் போயிடும்க்கா. உங்களால ஆகலைன்னா இப்பவே சொல்லிடுங்க, வெளியில யாரையாவது பாக்கறேன்" என்றார். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வெறும் பாத்தி. சுவர் அப்படியே இருந்தது. மண்ணும் அதே மண். கொழுத்த வரிசை மட்டும் இந்த வருஷம் ஏன் இல்லை? அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, மாடியில் குடியிருக்கும் பெண் துணி காயப்போட இறங்கி வந்தாள்.

"இந்த வருஷம் சுவர்ல ஈரம் இல்ல போலருக்கு" என்றாள் மரத்தக்கா.

"சுவர்ல என்னைக்குக்கா ஈரம் இருந்துச்சு?"

"இல்லாமயா ஒரு வரிசை மட்டும் கொழுத்துப்போச்சு?"

மாடிப்பெண் கையிலிருந்த ஈரத்துணியைப் பிழியாமல் நின்றாள். "அக்கா, உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

"என்ன?"

"நீங்க பஸ் ஏறப் போனதும் அண்ணன் மக்கை எடுத்துக்கிட்டு உக்காந்துடுவாரு. 'உங்க அக்கா ஏறிட்டாளான்னு மேலேர்ந்து பாத்துச் சொல்லு'ன்னு என்னைத்தான் கேப்பாரு. ஏறிட்டாங்கன்னு சொன்னதும் ஊத்துவாரு. நாங்க குடிவந்த நாள்லேர்ந்து நடக்குது."

மரத்தக்கா நாற்காலியைப் பார்த்தாள். "ஊத்துறவரு எல்லாத்துக்கும் ஊத்த வேண்டியதுதானே. ஏன் ஒரு வரிசைக்கு மட்டும்?"

"நானும் கேட்டேன். உக்காந்த இடத்துலேர்ந்து கை அவ்வளவுதான் எட்டுதாம்."

"அப்ப அந்தப் பூச்சு?"

"அன்னிக்கு அண்ணன் சிரிச்ச சிரிப்பு இருக்கே…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

இப்போதாவது ஏதாவது வரும் என்று மரத்தக்கா காத்திருந்தாள். வரவில்லை. கொத்தனாருக்கு அவளே டீ போட்டுக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான்.

"திட்டாதீங்கக்கா. இன்னொண்ணும் இருக்கு" என்று மாடிப்பெண் படியேறிப் போனாள். ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு மரச்செடி நின்றது. தண்டு கட்டைவிரல் தடிமன். கிளைகள் டப்பாவைத் தாண்டி நாலாபக்கமும் கை விரித்திருந்தன. உச்சியில் விதை பிடித்திருந்தது.

"அண்ணன் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பாத்தியிலேர்ந்து பிடுங்கிக் குடுத்தாரு. 'இதையாவது நீ வச்சுக்க, அவ கண்ல படாம'ன்னாரு. தினம் ஊத்திட்டுத்தான் இருக்கேன்."

மரத்தக்கா தண்டை விரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு படத்திலிருந்த மரத்தை நினைத்துப் பார்த்தாள்.

"இதைக் குடு."

"பாத்தியில வைக்கவா?"

"பட்டறைக்கு."

மாடிப்பெண்ணுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. "அக்கா, அண்ணன் காப்பாத்தின செடிக்கா இது."

"தெரியும்."

"வேற வழியே இல்லியா?"

"இருக்கு. என் பையன் வீடு."

மாடிப்பெண் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ தவறு செய்தவள் போல, "ஒருநாள்கூட மறக்கல" என்றாள்.

"பாத்தாலே தெரியுது. நல்லா ஊத்தியிருக்க."

மாடிப்பெண் துணியை எடுத்துக்கொண்டு மேலே போனாள். மரத்தக்கா செய்தித்தாள் விரித்து, செடியைச் சாய்த்து, முற்றிய விதைகளை உதிர்த்துக்கொண்டாள். பிறகு வேரோடு பிடுங்கினாள். மண் ஈரமாயிருந்தது, சிரமப்படாமல் வந்தது. இலை கிள்ளத்தான் நேரம் பிடித்தது. கொடியில் தொங்கவிட்டபோது அந்தத் தண்டு ஒரு கிளிப்புக்கு மசியவில்லை. இன்னொன்று மாட்டினாள். அவர் சொன்ன கிளிப்பு வேடிக்கை நினைவுக்கு வந்தது. மூன்றாவதாக ஒன்று மாட்ட எடுத்தவள் அதைத் திரும்ப வைத்துவிட்டாள். கொஞ்சம் வளைந்தே காய்ந்தது.

அந்த வளைவுதான் நிலத்துக்காரம்மாவுக்குப் பிடித்தது. மாதிரி வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கட்டடங்களை ஏறெடுத்தும் பார்க்காமல், "எங்க மரமும் இப்படித்தான் ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். உயிரோட நிக்கிற மாதிரியே இருக்கு" என்றார்.

"போன வாரம் வரைக்கும் உயிரோடதாங்க இருந்துச்சு" என்றாள் மரத்தக்கா.

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். கையெழுத்தானது. மகனிடம் போனில் சொன்னாள். எந்திரம் அதற்குள் விலைபோயிருந்தது.

அடுத்த விதைப்புக்குப் பாத்தியைக் கொத்திச் சமன் செய்தாள். பெயிண்ட் டப்பாச் செடியின் விதையைத் தனியாக, சுவரோர வரிசைக்குப் போட்டாள். முளை வந்தது. வழக்கம்போல எல்லாவற்றுக்கும் தண்ணீரை நிறுத்தினாள். ஒரு விடுமுறை நாள் காலையில் தொட்டியில் மக்கை முக்கி எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை நீட்டிப் பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை. சுவரோர வரிசை வரைதான் எட்டியது.

மேலே துணி உதறும் சத்தம் நின்றது.

"என்னக்கா, தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொல்லுவீங்களே?"

"ஆமா. ஊத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மரத்தக்கா மக்கைச் சாய்த்தாள்.