பொம்பிளையையும் ஒருக்கால் கேட்க வேணும்

நானும் அக்காவும் சலாட் பொதி செய்கிற பெல்டில் எதிரெதிராக நிற்பவர்கள். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அந்த ஃபாக்டரிக்குள் கோடையிலும் குளிர்தான். கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு, வெட்டி வருகிற இலைகளில் பழுத்ததைப் பொறுக்கி எறிய வேண்டும். அவர் கம்போடியாவில் பிறந்தவர், நான் யாழ்ப்பாணத்தில். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அந்த அரைகுறையில்தான் இத்தனை வருஷமும் கதைத்து வருகிறோம். ஆகையால் இங்கே அவர் பேசுவதாக நான் எழுதுவதெல்லாம் என்னுடைய தமிழ்.

எனக்குப் புது ஆட்களோடு கதைக்க வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாட்டைக் கோட் மாட்டுகிற அறையில் நின்றபடியே சாப்பிட்டேன். அக்காதான் ஒருநாள் வந்து என் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மேசையில் வைத்தார். அவருடைய புளித்த மீனையும் என்னுடைய கருவாட்டுக் குழம்பையும் மைக்ரோவேவில் சூடாக்கினால் பக்கத்து மேசைக்காரர் எழும்பிப் போய்விடுவார்கள். அதனால் மூலை மேசை எங்களுக்கே சொந்தமாயிற்று. கம்போடியர்களும் மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். நான் அக்கா என்றேன். அந்தச் சொல்லின் அர்த்தத்தைக் கேட்டுவிட்டு, தங்கச்சிக்கு எங்கள் சொல் என்ன என்றும் கேட்டார். அன்று முதல் நான் தங்கச்சி.

அவர் தன் நாட்டைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. கறுப்பு உடுப்புக்காரர் ஆட்சிக்கு வந்து சொந்தச் சனத்தையே லட்சக்கணக்கில் அழித்தது எனக்கும் மேலோட்டமாகத் தெரியும். தாய், தகப்பன், அண்ணன்மார், தங்கை ஒருவரும் மிஞ்சவில்லை என்பதை ஒரு தடவை, இலை பொறுக்கியபடியே, சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. எங்களிடமும் சிலர் வந்து விவரம் கேட்பார்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு மதியம், சாப்பாட்டு மேசையில் ஃபோனை என் பக்கம் திருப்பி வைத்தார். கம்போடியாவில் அவருடைய கணவரின் தம்பியின் பேத்திக்குக் கல்யாணம். தெருவை மறித்துப் பந்தல், காதைப் பிளக்கும் ஸ்பீக்கர், ஒவ்வொரு சடங்குக்கும் வேறு வேறு நிறத்தில் சேலை மாதிரி உடுப்பு. கல்யாணப் பொம்பிளை உடுப்பு மாற்றியே களைத்துப்போவாள் என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தி, ஒரு கிழவரை விரலால் காட்டினார். வெள்ளைச் சட்டை, நன்றாக வாரிய தலை. அவர் குனிந்து பொம்பிளையின் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் நூல் கட்டி ஆசீர்வதிப்பது அவர்களுடைய கல்யாணத்தில் முக்கியமான சடங்காம்.

"உவனைப் பார்" என்றார். "உவன்தான் எங்கட பேரைக் கூப்பிட்டவன்."

அதற்குப் பிறகுதான் அவருடைய கல்யாணக் கதையைச் சொன்னார். அந்த ஆட்சியை 'அமைப்பு' என்றுதான் சொல்ல வேண்டுமாம். அமைப்புத்தான் இனித் தாய், தகப்பன் எல்லாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒருநாள் வயல் வேலையிலிருந்து இளம் பெண்களைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு கொட்டிலில் வரிசையாக நிறுத்தினார்கள். எதிரே ஆண்கள். இந்த ஆள் ஒவ்வொரு சோடியாகப் பெயர் கூப்பிட்டான். கூப்பிட்டவர்கள் கையைப் பிடித்து, அமைப்புக்காகப் பிள்ளை பெற்று உழைப்போம் என்று சொல்ல வேண்டும். பிக்கு இல்லை, மேளம் இல்லை, பெற்றவர்கள் இல்லை. மாட்டேன் என்று அதற்கு முந்தின கிழமை சொன்ன ஒரு பெண்ணைப் பிறகு யாரும் காணவில்லை. அக்கா எதிரே நின்றவரின் முகத்தைப் பார்க்கவில்லை. லொறி டயரில் வெட்டிய செருப்பு, அதற்குள் வெடித்த குதிக்கால், அதை மட்டும் பார்த்தார்.

ஆட்சி விழுந்ததும் அப்படிச் சேர்த்து வைத்த பல சோடிகள் தங்கள் தங்கள் ஊருக்குப் பிரிந்து போய்விட்டார்களாம். அக்காவும் அவரோடு சேர்த்து வைக்கப்பட்டவரும் ஒரு சந்தி வரைக்கும் நடந்து வந்தார்கள். அந்த மனிதரின் ஊர் ஒரு பக்கம், அக்காவின் ஊர் மறுபக்கம்.

"வரட்டோ எண்டு அவர் கேக்கேல்லை. வாங்கோ எண்டு நானும் சொல்லேல்லை. நான் நடந்தன், அவர் பின்னாலை வந்தார்" என்றார் அக்கா.

ஊருக்குப் போனால் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பிறகு எல்லையில் அகதி முகாம், அங்கே மகள் பிறந்தாள், பிறகு கனடா. கணவர் நல்ல மனிதர்தான். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. முதுகு வருத்தத்தால் வேலையை விட்ட பிறகும் தினமும் காரில் வந்து அக்காவை ஏற்றிப்போவார். எல்லாம் சரி. ஆனால் பெயர் கூப்பிட்டவன் இன்றைக்கு ஊர்த் தலைவனாக முன்வரிசையில் இருந்து நூல் கட்டுகிறான். அக்காவின் கையில் மட்டும் ஒருவரும் கட்டவில்லை. அக்காவால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவர், அங்கே எல்லாரும் அப்படித்தான் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள், தம்பி குடும்பத்துக்குக் காணிப் பத்திரத்தில் அந்த ஆளின் கையெழுத்து வேண்டியிருக்கிறது, கிளற வேண்டாம் என்றாராம். ஒஷாவாவில் இருக்கும் மகள் வேறு விதமாகக் கிளறினாள். அப்படிக் கட்டாயப்படுத்திச் சேர்த்து வைத்தது பெரிய குற்றம் என்று அந்த நாட்டில் நடந்த விசாரணை நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்று ஃபோனில் எடுத்து வாசித்துக் காட்டினாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த தகப்பன், "அப்ப நான் ஆர்? நானும் குற்றமோ?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

"அவரையும்தான் கூப்பிட்டவங்கள். எனக்குத் தெரியும். அவரை விட்டுப்போக எனக்கு விருப்பமில்லை, தங்கச்சி. என்னை ஆராவது ஒருக்கால் கேக்க வேணும். முறையாக் கேக்க வேணும்" என்றார் அக்கா.

முறையாகப் பெண் கேட்டு வரச் சொன்னபோது, பேரப்பிள்ளை யூனிவேர்சிற்றிக்குப் போகிற வயதில் என்ன பெண் கேட்பது என்று கணவர் மறுத்தார். அக்கா ஒரு பெட்டியில் உடுப்பை அடுக்கிக்கொண்டு அஜின்கோர்ட்டில் இருக்கிற என் அப்பார்ட்மெண்டுக்கு வந்துவிட்டார். பெண் கேட்டு வருவதென்றால் பொம்பிளை வேறு வீட்டில் இருக்க வேண்டும்தானே என்றார். அவருடைய பக்கத்தில் ஒருவரும் உயிரோடு இல்லை. ஆகையால் பொம்பிளை வீட்டுக்காரி நான்தானாம். எனக்கு உங்கள் முறை ஒன்றும் தெரியாது, நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவும் வராது என்று சொல்லிப் பார்த்தேன். "நீ திறக்க வேண்டாம். அவர் திறக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகும் கணவர் வழக்கம் போல ஃபாக்டரி வாசலில் காரோடு நிற்பார். அக்கா காரைக் கடந்து என்னோடு பஸ் தரிப்புக்கு நடப்பார். கார் பஸ்ஸுக்குப் பின்னால் மெதுவாக வரும். மழை பெய்த ஒருநாள், இண்டைக்கு மட்டும் ஏறுங்கோவன் என்று நான் கெஞ்சினேன். சொட்டச் சொட்ட நின்றபடி, "பின்னாலை வாறது அவருக்குப் பழக்கம்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவர். மடிப்புக் கலையாத சட்டை, கையில் பெரிய தட்டு. தட்டில் சோடி சோடியாகப் பழங்கள். எதையும் ஒற்றையாகக் கொண்டு வரக்கூடாதாம். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். முழுதாகச் சாத்தவில்லை.

அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். நான் வழமையாக அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அக்காவின் கணவரை அத்தான் என்று கூப்பிட வேண்டும், ஆனால் வெட்கம். இருவரும் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கடைசியில், பாடமாக்கி வந்தவர் போல, தன் பக்கத்துப் பெரியவர்கள் தூரத்தில் இருப்பதால் தானே வந்ததாகவும், இந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு வந்திருப்பதாகவும் சொன்னார்.

எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. அப்போது என்னைப் பெற்ற ஐயாவின் குரல் நினைவில் வந்தது. எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை பகுதியார் வந்தபோது, கனடாவில் இருந்த மாப்பிள்ளையின் படத்தையும் சாதகத்தையும் பார்த்து எல்லாம் முடிவான பிறகும், ஐயா ஒரு வார்த்தை சொன்னார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் சும்மா மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. நான் அதையே சொன்னேன்.

"பொம்பிளையையும் ஒருக்கால் கேட்க வேணும். கேட்டுப்போட்டுச் சொல்லுறம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், கேளுங்கோ. வடிவாக் கேளுங்கோ. என்னையும் அண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ, "அப்ப நான் கேக்கிறன். உங்களுக்கு விருப்பமோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முழுதாகச் சாத்தாத கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அண்டைக்கு விருப்பமில்லை. இண்டைக்கு விருப்பம்."

அவர் போன பிறகு அக்கா வெளியே வந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்தார். பாதியை எனக்குத் தந்தார். கண் சிவந்திருந்தது. என்ன சொல்ல என்று கேட்டேன். யோசிக்க வேணும் என்றார்.

உண்மையாகவே யோசித்தார். கிழமைகள் போயின. கார் தினமும் வந்து நின்றது. நான் இரண்டொரு தடவை மெல்லக் கேட்டபோது, அந்தக் கொட்டிலில் யோசிக்க ஒரு மூச்சு நேரமும் தரவில்லை, இப்போது எனக்கு நேரம் இருக்கிறது என்றார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாகக் கூட இருந்தது. சொல்லியிருக்கலாம். அந்த உரிமையைத்தான் அவர் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒருநாள் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மெஷின் சத்தத்துக்கு மேலால், "அவரிட்டைச் சொல்லு. ஓம் எண்டு சொல்லு" என்றார்.

"வெளியிலைதானே நிக்கிறார். நீங்களே சொல்லலாமே?"

"நான் என்னெண்டு சொல்லுறது? நான் பொம்பிளை. நீதான் என்ர பக்கம்."

வேலை முடிந்ததும் நான் தனியாகக் காருக்குப் போனேன். அவர் கண்ணாடியை இறக்கினார். பொம்பிளைக்குச் சம்மதமாம், அத்தான் என்றேன். கடைசிச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன். அவர் காரை விட்டு இறங்கி, பஸ் தரிப்பில் நின்ற அக்காவிடம் நடந்துபோனார். அருகே போய் நின்றார், அவ்வளவுதான். பஸ் வந்தது. அக்கா ஏறவில்லை.

கல்யாணம் ஒஷாவாவில், மகள் வீட்டில். பிக்கு ஒருவர் வந்திருந்தார். நிலத்தில் பாய், மூலையில் அக்காவின் தாய் தகப்பனுக்கென்று படையல். அவர்களுடைய படம் ஒன்றும் மிஞ்சவில்லை, வெறும் தட்டுகளும் ஊதுபத்தியும்தான். நான் பட்டுச்சேலை உடுத்திப் போயிருந்தேன். ஆனால் நூல் கட்டுகிற நேரம் வரும்போது எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன். என் கணவர் மாரடைப்பில் போன பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் நான் அப்படித்தான். தாலி கட்டுகிற நேரம் பார்த்துப் பின்னுக்குப் போய் ஏதாவது வேலை செய்வேன். யாரும் போ என்று சொல்வதில்லை. சொல்லும்படி நான் விடுவதுமில்லை. அங்கேயும் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன்.

முன்னறையில் பேச்சுச் சத்தம் நின்றது. திரும்பினால், குசினி வாசலில் தங்க நிற உடுப்போடு அக்கா. முதல் நூலைப் பொம்பிளை வீட்டுக்காரிதான் கட்ட வேண்டும், எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்றார். நான் தண்ணீரை மூடாமலே, எங்கள் முறையில் புருஷன் இல்லாதவள் முதலில் கட்டக்கூடாது, உங்களுக்குக் கூடாது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

அக்கா எட்டிக் குழாயை மூடினார்.

"அந்த ஆட்சி முடிஞ்ச நேரம் எங்கட ஊரிலை ஆர் மிஞ்சினது எண்டு தெரியுமே? விதவையள்தான். அவையள்தான் நாத்து நட்டவை, வீடு கட்டினவை, பிள்ளையளுக்குக் கலியாணம் செய்து வைச்சவை. விதவை நூல் கட்டக்கூடாதெண்டால் எங்கட நாட்டிலை இண்டைக்கு ஒரு குடும்பமும் இருந்திராது. கையைத் துடைச்சுக்கொண்டு வா."

சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனேன்.

அக்கா பாயில் இருந்து இரண்டு கையையும் நீட்டினார். குளிர் இலைகளில் வேலை செய்து தடித்த விரல்கள், என்னுடையவை போலவே. யாரோ சிவப்பு நூலை என் கையில் தந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. முதல் முடிச்சு வழுக்கிவிட்டது. அவசரப்படாமல் அவிழ்த்து, திரும்பவும் சுற்றி, இறுக்கிக் கட்டினேன். பிறகு அத்தானுக்கும் கட்டினேன்.

அடுத்த திங்கள் பெல்டில் நிற்கும்போது, கையில் கிடக்கிற நூலை எடுக்கச் சொன்னார் சுப்பவைசர். உணவு வேலையில் மணிக்கட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது விதி. அக்கா ஒன்றும் வாதாடவில்லை. உள்ளே போய், நூலுக்கு மேலாலேயே முழங்கை வரைக்கும் வருகிற நீளக் கையுறையை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து, மேல் விளிம்பை டேப்பால் சுற்றி ஒட்டி, எனக்கு எதிரே தன் இடத்தில் நின்றார்.