பவளம் போட்ட கோடு

பவளத்தின் கை எதையும் எழுதும், வாய்தான் சொல்லாது. கொழும்பில் கல்யாணப் பதிவின்போது மாப்பிள்ளையின் பெயர் என்னவென்று கேட்ட பதிவாளரிடம் பேனாவை வாங்கி, சச்சிதானந்தன் என்று எழுதிக் காட்டியவள் அவள். அதற்குப் பிறகும் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. "இஞ்சேருங்கோ" என்பாள். அந்த மனிதரும் எந்த அறையில் இருந்தாலும் எழுந்து வந்துவிடுவார்.

இப்படிப்பட்டவள் போயும் போயும் பிடித்த வேலையைப் பாருங்கள். கோர்ட்டில் யார் எதைச் சொன்னாலும் ஒரு சொல் விடாமல் சுருக்கெழுத்தில் பிடிக்க வேண்டும்; பிறகு அதைத் தட்டச்சில் அடித்துக் கொடுக்க வேண்டும். நீதிபதி கேட்டால் எழுந்து நின்று, எழுதியதை உரக்க வாசித்தும் காட்ட வேண்டும். கொழும்பில் அவளுக்கு இதில் நல்ல பெயர். எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில் கிளேட்டன் பகுதியில் உள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் சச்சிதானந்தனுக்கு வேலை கிடைத்து இருவரும் வந்து இறங்கியபோது, அந்த நல்ல பெயரை இங்கே ஒருவரும் சட்டை செய்யவில்லை. லைசென்ஸ் எங்கே என்று கேட்டார்கள்.

லைசென்ஸுக்குப் பரீட்சை உண்டு. வேகம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. வாயைத் திறக்காமல் இந்த ஊர்க்காரர்கள் பேசுகிற ஆங்கிலம்தான் உயிரை வாங்கியது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ரேடியோவைப் போட்டு, குதிரைப் பந்தய வர்ணனையைக் கேட்டுக் கேட்டு எழுதிப் பழகினாள். கறி அடிப்பிடித்த நாட்களில் சச்சிதானந்தன் அதையும் வழித்துச் சாப்பிட்டார். ஒருவழியாகத் தேறிவிட்டாள். ஆனால் முதல் வருடத்து லைசென்ஸ் தற்காலிகமானது. குறை எதுவும் வராமல் இருந்தால்தான் நிரந்தரம் ஆகும்.

குறை வந்தது. அதுவும் ஒரு சின்னக் கோட்டினால் வந்தது.

சந்தையில் லாரிக்குச் சாமான் ஏற்றுகிற கியோ என்ற கிழவர், தன் மேற்பார்வையாளரை மிரட்டிக் கீழே தள்ளிவிட்டார் என்று ஒரு வழக்கு. மேற்பார்வையாளர் தானாகவே வழுக்கி விழுந்தார் என்றார் கியோ. அதற்கு முன்னால் கியோ அவரைக் கூப்பிட்டது கோபத்திலா, சிநேகத்திலா என்பதுதான் கேள்வி. என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று சாட்சியிடம் கேட்டார்கள். "கம் ஹியர், யூ ஓல்ட் பாஸ்டர்ட்!" என்றார் சாட்சி. கோர்ட்டே சிரித்தது. பவளம் மட்டும் சிரிக்கவில்லை.

கை அந்தச் சொல்லையும் பிடித்துவிட்டது. தட்டச்சில் அடிக்க உட்கார்ந்தபோதுதான் விரல் நின்றது. ஒருவனுடைய தாயை இழுக்கிற சொல்லல்லவா அது? கொழும்பில் அவள் வேலை பார்த்த கந்தோரின் தலைமை எழுத்தர் இப்படிப்பட்ட இடங்களில் கோடு போடச் சொல்லித்தான் அவளைப் பழக்கியிருந்தார். "கம் ஹியர், யூ ஓல்ட்" வரை அடித்து, மரியாதையாக ஒரு கோட்டையும் இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

கியோவுக்குத் தண்டனை விழுந்தது. அப்பீலில், சிரிப்பைக் கேட்டிராத நீதிபதிகள் பதிவை வாசித்தார்கள். கோட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். எழுதவே கூசுகிறதென்றால் எவ்வளவு பயங்கரமான வசவோ என்று அவர்களுக்குத் தோன்றாமல் என்ன செய்யும்? கியோவின் வக்கீல் குதிகுதியென்று குதித்தார். இந்த ஊரில் நண்பனைக் கூப்பிடுகிற சொல்லை மூடி மறைத்துக் கிழவரைக் கொடியவராக்கிவிட்டாள் என்று புகார் கொடுத்தார். லைசென்ஸ் குழு பவளத்தை அழைத்தது. சுருக்கெழுத்துக் குறிப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை உரக்க வாசிக்க வேண்டும். வாசிக்க முடியாதவளுக்கு லைசென்ஸ் கிடையாது.

"பேசாமல் வாசிச்சுப்போட்டு வாருமன்," என்றார் சச்சிதானந்தன்.

"அதைச் சொல்ல வேணுமெல்லோ. வாய்க்குள்ள வருகுதில்லை."

"அப்ப இப்பவே பழகும். என்னைப் பார்த்துச் சொல்லும் பாப்பம்." கதிரையை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களைப் பார்த்தோ? விசரே உங்களுக்கு? உங்கட அம்மாவையெல்லோ சொன்னமாதிரிப் போகும்."

"அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது. நீர் சொல்லும்."

பவளம் வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், அவளுக்கு இருக்கவில்லை. கடையிலும் ரயிலிலும் இந்த ஊர் அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. கோர்ட்டில் மட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று அவள் கையைத் தூக்கினால், பெரிய வக்கீலும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அதை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

குழுவின் விசாரணை நாளன்று வராந்தாவில் பவளத்தின் பக்கத்தில் ஒரு முதியவள் வந்து உட்கார்ந்தாள். கியோவின் மனைவி. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று பவளம் ஒடுங்கிப்போனாள். அவளோ பவளத்தின் கையைத் தட்டிக்கொடுத்தாள். "காலையில் அந்த மனுஷன் எழும்பாவிட்டால் நானே அப்படித்தான் கூப்பிடுவேன் கண்ணு. நாற்பது வருஷமாக அதுதான் அவர் பெயர்," என்றாள் ஆங்கிலத்தில். அன்று கோர்ட் சிரித்த சிரிப்பு பவளத்தின் காதில் மறுபடி கேட்டது.

உள்ளே மூன்று பேர். தலைவர் "மிஸிஸ் சச்சி... சச்சிடா..." என்று தடுமாறினார். வாசிக்கச் சொன்னார். பவளம் வாசித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

தலைவர் நல்ல மனிதர். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கஷ்டமாக இருந்தால் அந்தச் சொல்லை மட்டும் எழுதிக் கொடுங்கள், போதும்," என்றார். பவளத்தின் கை தன்பாட்டில் பேனாவுக்குப் போனது. பதிவாளர் முன்னால் போன அதே கை.

பேனாவைத் தொட்ட கையை அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் ஐயா. நாளைக்கு ஒரு நீதிபதி வாசிக்கச் சொன்னால் எழுதியா நீட்டுவேன்?"

வரியை முதலிலிருந்து தொடங்கி, கான்வென்டில் படித்த உச்சரிப்பு ஒன்றும் குலையாமல், கடைசிச் சொல் வரைக்கும் வாசித்தாள். ஒருவர் இருமினார். பவளத்தின் காது இரண்டும் கொதித்தன. ஆனாலும் அதோடு நிறுத்தவில்லை.

"அன்றைக்குக் கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஏனென்று விளங்கவில்லை. அழுக்கு என்று நினைத்து மூடிவிட்டேன். மூடியதுதான் பிழை."

கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார்கள். பிறகு கூப்பிட்டார்கள்.

மாலையில் ஃபிளிண்டர்ஸ் தெரு ஸ்டேஷன் கடிகாரங்களுக்குக் கீழே சச்சிதானந்தன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை விட்டு வருகிற கூட்டம் இருவருக்கும் நடுவில் அலைமோதியது. பவளம் அவரைக் கண்டுவிட்டாள். வழக்கமாகச் சொல்கிற சொல் வாய்வரை வந்தது. அதை விட்டுவிட்டுக் கையை உயர்த்தினாள்.

"கம் ஹியர், யூ ஓல்ட் பாஸ்டர்ட்!"

சச்சிதானந்தன் அப்படியே திரும்பினார். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நிரந்தரமோ?"

"ஓம்," என்றாள் பவளம். "கியோவின்ர பக்கத்தையும் அப்பீலுக்குத் திருத்தி அடிச்சு, கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டு வாறன்."

பக்கத்தில் பேப்பர் விற்கிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்த முறை பவளமும் சிரித்தாள்.