காலி ஓவனில் கோளாறு தெரியாது

சர்வீஸ் தொழிலில் நான் அடியோடு வெறுக்கிற வார்த்தை ஒன்று உண்டு. ‘கஸ்டமர் யூசேஜ்’. பொருளில் குறை இல்லை, வாங்கியவருக்குத்தான் உபயோகிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். கம்ப்ளைன்டை முடிக்கும்போது செல்போன் ஆப் காரணம் கேட்டு ஒரு பட்டியல் காட்டும். அதில் முதல் வரியே இதுதான். அவசரத்தில் விரல் அங்கேதான் போய் விழும் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள், பாவிகள்.

மிக்ஸி, கிரைண்டர், ஓவன் என்று இருபத்தாறு வருடம் மதுரையில் டூல் பேக் தூக்கியவன் நான். கடைசிப் பத்து வருடம் பழங்காநத்தத்தில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டர். அந்த வார்த்தையை எத்தனை வீட்டில் அழுத்தினேனோ, நினைவில்லை. ஒரு வீட்டில் இரண்டு தடவை அழுத்தியது மட்டும் மறக்கவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால் வார்த்தை முன்னே பின்னே இருக்கும்.

1. முதல் விசிட்

தெற்குவாசல் பக்கம் ஒரு சந்து. மாடி வீடு. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. கம்ப்ளைன்ட் கொடுத்தவர் ஷமீமா, முப்பது வயதிருக்கும். கணவர் செருப்புக் கடையில் வேலை. கூடத்தில் ஃபேனுக்கு அடியில் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் வாங்கியிருந்த மாடலில் ‘ஃபெர்மென்ட்’ என்று தனியாக ஒரு மோடு. பன், பிரெட் மாவைப் பிசைந்து உள்ளே வைத்தால் லேசான சூட்டில் உப்ப வைத்துக் கொடுக்கும். அதற்குப் பிறகு பேக் செய்துகொள்ளலாம். அந்த ஒரு மோடுக்காகவே விலை கூடுதல்.

“ஜனவரியில வாங்குனப்ப நல்லா பொங்கி வந்துச்சுண்ணே. இப்ப ஒரு மாசமா வச்சது வச்சபடி கெடக்கு. மாவு அம்புட்டும் வீணாப் போகுது” என்றார் ஷமீமா.

“எம்புட்டு நேரம் வைக்கிறீங்க?”

“புக்குல போட்டுருக்க மாதிரி ஒரு மணி நேரம். அண்ணே, வில்லாபுரத்துல ஒரு ஸ்கூல் கேன்டீன்ல தெனம் அறுபது பன் கேட்டுருக்காங்க. ஜூன்ல ஸ்கூல் தெறக்குது. இந்த மாசம் இருபதாந்தேதிக்குள்ள சாம்பிள் கொண்டாரச் சொல்லிருக்காங்க. அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துருங்க.”

கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். “அந்த ஆர்டரு வரலன்னா இந்தப் பெட்டிய வித்துரணும். பேசிருக்கோம்.”

நான் ஓவனைத் திறந்தேன். காலியாகத்தான் இருந்தது. பேக் மோடு போட்டேன், மேல் ராடு, கீழ் ராடு இரண்டும் சிவந்தன. சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் சரியாகக் கட் ஆனது. ஃபெர்மென்ட் மோடு போட்டுக் கதவைத் திறந்து கையை நீட்டினேன், வெதுவெதுப்பாக இருந்தது. எல்லாம் ஓகே.

“ஓவன் நல்லாருக்கு தங்கச்சி. ஈஸ்ட் பழசா இருக்கும். புது பாக்கெட் வாங்கிப் போடுங்க.”

பட்டியலில் முதல் வரியை அழுத்தினேன். அழுத்தியதும் கஸ்டமர் போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும். அந்த நம்பரை அவர் சொன்னால், எனக்குத் திருப்தி, குறை என்னுடையதுதான் என்று அவரே கையெழுத்துப் போட்ட மாதிரி. இதை எந்த மெக்கானிக்கும் கஸ்டமரிடம் சொல்வதில்லை. “ஒரு நம்பர் வரும், சொல்லுங்க” என்பதோடு சரி. நானும் அப்படித்தான் கேட்டேன், ஷமீமாவும் சொன்னார்.

ஜனவரியில் உப்பியது, இப்போது உப்பவில்லை. கோளாறு என்னவென்று அந்தப் பெண் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். எனக்குக் காது இருந்தது, கேட்கத்தான் இல்லை.

2. இரண்டாவது விசிட்

எட்டு நாள் கழித்து மறுபடி அதே வீடு. அன்றைக்கு எனக்கு ஒன்பது சர்வீஸ் கால், ஒன்பது வீடு. வெயிலில் வண்டி சீட் தொடையைப் பொசுக்கியது. படி ஏறும்போதே எரிச்சல்.

“புது ஈஸ்ட் போட்டேண்ணே. இங்க பாருங்க.” ஒரு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட் கலந்து வைத்திருந்தார். மேலே நுரை கட்டி நின்றது. ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற முறை அது. இருக்கிறது.

“அப்ப பிசையிற தண்ணிய சூடா ஊத்திருப்பீங்க.”

“இல்லண்ணே, பானைத் தண்ணிதான்.”

“அப்ப நேரம் பத்தல. இன்னும் அரை மணி நேரம் சேத்து வச்சுப் பாருங்க.”

வாயில் வந்ததைச் சொன்னேன். மேடை மேல் அப்போதுதான் ஓவனிலிருந்து எடுத்த எவர்சில்வர் பாத்திரம் இருந்தது. ஷமீமா மேலே மூடியிருந்த ஈரத் துணியை விலக்கினார்.

“ஒரு தடவ இந்த மாவப் பாருங்கண்ணே.”

“நான் ஓவன் மெக்கானிக் தங்கச்சி, மாவு மெக்கானிக் இல்ல” என்றேன். பெரிய பகடி பேசிவிட்டதாக நினைப்பு வேறு. மாமியாரும் சிரித்தார்.

“கம்பெனி ஆளே சொல்லிட்டாரு. குத்தம் பெட்டியில இல்ல, ஒங்கிட்டதான்.”

ஷமீமா துணியை மறுபடி மூடினார். போனைப் பார்த்து ஓ.டி.பி.யை ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். தலை நிமிரவே இல்லை. நான் அடுத்த காலுக்குக் கிளம்பிவிட்டேன்.

3. எழுமலை வாத்தியார்

இருபத்தோராம் தேதி எழுமலையில் ஒரு கம்ப்ளைன்ட். பஸ் ஏறி, உசிலம்பட்டியில் மாறிப் போய்ச் சேர்ந்தேன். ஒரு கணக்கு வாத்தியார், லீவில் பொழுது போக பிரெட் போடுகிறவர். அதே மாடல், அதே மோடு.

வழக்கம்போல “ஈஸ்ட் பழசா இருக்கும் சார்” என்று தொடங்கினேன்.

“ஈஸ்ட் மாறல. மாவு மாறல. ஓவனும் மாறல” என்றார் அவர். “மார்கழியில அம்சமா உப்புச்சு. பங்குனியில படுத்துருச்சு. நடுவுல மாறுனது வெயில் ஒண்ணுதான். இப்ப நீங்க சொல்லுங்க, என்ன சொல்றீக?”

எனக்குத் தெற்குவாசல் வீடு நினைவுக்கு வந்தது. ஜனவரியில நல்லா பொங்கி வந்துச்சுண்ணே.

பின்பக்க ஷீட்டைக் கழற்றினேன். ஃபெர்மென்ட் மோடில் தெர்மோஸ்டாட் சர்க்யூட்டிலேயே இல்லை. வெறும் டைமர். கொஞ்ச நேரம் ஹீட்டர் எரியும், கொஞ்ச நேரம் அணையும், திரும்ப எரியும். வெளியே என்ன வெயில் என்று அதற்குத் தெரியாது. ஏ.சி. ரூமில் உட்கார்ந்து டிசைன் செய்தவனுக்கு அது சரியாகத்தான் இருந்திருக்கும். எழுமலைச் சமையல்கட்டில் ஏற்கெனவே முப்பத்தெட்டு டிகிரி. மாவு உப்ப அதுவே தாராளம். அதற்கு மேல் சூட்டை ஏற்றினால் என்ன ஆகும்? வாத்தியார் பிசைந்து வைத்திருந்த மாவின் அடியில் சூடு அளக்கிற மீட்டரின் கம்பியைச் செருகி, கதவை மூடி, மோடைப் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் ஐம்பத்தெட்டு காட்டியது, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் ஈஸ்ட் பிழைக்காது. உப்ப வைப்பதாகச் சொல்லி விற்ற பெட்டி, ஈஸ்டை உள்ளே வைத்துக் கொன்றுகொண்டிருந்தது.

நான் கதவைத் திறந்துவைத்துக் காலி ஓவனில் கை நீட்டினால் வெதுவெதுப்பாகத்தானே இருக்கும்.

சூப்பர்வைசர் ஜெகனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். என்னைவிட இருபது வயது சின்னவன்.

“அது தெரியும்ணே” என்றான், சாவகாசமாக.

“என்னது தெரியும்?”

“போன வருசமே ஹெட் ஆபீஸ்லருந்து மெயில் வந்துச்சு. அடுத்த பேட்ச்ல சென்சார் போட்டுட்டாங்க. பழசுக்கு வந்தா யூசேஜ்னு போட்டு க்ளோஸ் பண்ணச் சொல்லிட்டாங்க.”

“எனக்கு ஏன்டா சொல்லல?”

“சொன்னா நீங்க கஸ்டமர்ட்ட சொல்லிருவீங்கள்லண்ணே.”

நல்லவன், சொல்லிவிடுவான் என்பதால்தான் என்னை முட்டாளாக வைத்திருந்திருக்கிறார்கள். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். வாத்தியார் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவரிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னேன், ஓ.டி.பி. கேட்கவில்லை.

4. யாரும் கூப்பிடாத விசிட்

மறுநாள் காலையில் ஷமீமா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“நான் கம்ப்ளைன்ட் ஒண்ணும் குடுக்கலயேண்ணே.”

“தெரியும்மா. கொஞ்சம் மாவு பெசஞ்சு குடுங்க.”

ஓவனைப் பழைய பெட்ஷீட்டால் மூடி, அதன் மேல் பேப்பர் கட்டு வைத்திருந்தார்கள். ஷமீமா என்னையும் ஓவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாவு எடுத்தார். பிசைந்ததை இரண்டு பங்காக்கச் சொன்னேன். ஒன்றில் மீட்டர் கம்பியைச் செருகி ஓவனில் ஃபெர்மென்ட் மோடில் வைத்தேன். இன்னொன்றை ஈரத் துணி போட்டுச் சும்மா மேடையிலேயே விட்டேன். மாமியாரும் கூடத்திலிருந்து வந்து சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டார்.

நாற்பது நிமிடம். மேடையில் இருந்த மாவு இரண்டு மடங்காகித் துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஓவனில் இருந்தது அப்படியே கிடந்தது. அடியில் வெந்து பாத்திரத்தோடு ஒட்டியிருந்தது. இங்கேயும் ஐம்பத்தெட்டு காட்டிய மீட்டரை மாமியார் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

“அப்ப இவ கையில குத்தமில்லையா?” என்றார் அவர்.

“இல்லம்மா. கம்பெனி குத்தம். அது தெரியாம பேசுனது என் குத்தம்.”

அவர் மருமகளைப் பார்த்தார். பிறகு கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

“சாம்பிள் என்னாச்சு தங்கச்சி?”

“கொண்டு போனேண்ணே. நீங்க சொன்ன மாதிரி அரை மணி நேரம் சேத்து வச்சுத்தான் செஞ்சேன். கேன்டீன்காரரு ஒண்ணப் பிச்சுப் பாத்துட்டு டப்பாவ மூடிட்டாரு. நேத்து வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கன்னு போன் வந்துச்சு.”

ஒரே ஒரு நாள் பிந்திவிட்டேன். அதுவும் நான் சொன்ன அந்த அரை மணி நேரத்தையும் சேர்த்து வைத்து. எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

ஷமீமா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உப்பிய மாவை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ரெண்டு தடவ வந்தீங்கண்ணே. அன்னிக்கு நான் துணிய வெலக்கிக் காட்டுனப்ப ஒரு வெரல வச்சுருந்தீங்கன்னா, கை சுட்டுருக்கும்.”

5. அதற்குப் பிறகு

அவருடைய போனிலேயே புதுக் கம்ப்ளைன்ட் போட வைத்தேன். காரணத்தில் பட்டியலைத் தொடாமல் ‘ப்ராடக்ட் ஃபால்ட், மாவில் ஐம்பத்தெட்டு டிகிரி’ என்று டைப் அடித்து, மீட்டர் போட்டோவும் வைத்தேன். ஜெகன் கூப்பிட்டு மாற்றச் சொன்னான். முடியாது என்றேன். அடுத்த வாரத்திலிருந்து எனக்கு ஓவன் கால் வருவது நின்றது, மிக்ஸி மட்டும்தான் வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

என் பழைய ஜாப் லிஸ்டில் அந்த மாடலுக்கு நான் ‘யூசேஜ்’ போட்ட வீடுகளையெல்லாம் எடுத்து, சாயங்காலங்களில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். சிலர் நன்றி என்றார்கள். ஒரு அம்மா, “என் வீட்டுக்காரர்ட்ட எம்புட்டுப் பேச்சு வாங்குனேன் தெரியுமா” என்று காறித் துப்பாத குறையாகத் திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

தெற்குவாசலுக்கு இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து வேறு ஓவன் போனது. அதை விற்கிற பேச்சு அந்த வீட்டில் இப்போது இல்லை என்று கேள்விப்பட்டேன். ஆனால் அந்த கேன்டீன் திரும்பி வரவில்லை. ஒரு போன் போட்டுச் சரிசெய்துவிடக்கூடிய விஷயம் இல்லை அது.

டூல் பேக் தூக்குகிறவர்களே, காலி ஓவன் எப்போதும் நல்ல ஓவன்தான். காலி கிரைண்டரும் நன்றாகத்தான் சுற்றும். வீட்டில் அவர்கள் எதை உள்ளே வைக்கிறார்களோ, அதை வைத்துச் சோதியுங்கள். துணியை விலக்கிக் காட்டினால் கையை வையுங்கள். ஓ.டி.பி. கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு. கை சுட்டால், என்ன எழுத வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.