கரடிக்குப் பிள்ளையைக் காட்டிய கதை

கல்யாணமாகிப் பல வருடங்கள் என் அத்தைக்குக் குழந்தை இல்லை. கடலை பிடுங்கும் காலத்தில் செந்துறைக்கு ஒரு கரடிக்காரர் வருவார். அவர் உடுக்கை அடித்தால் கரடி இரண்டு காலில் எழுந்து ஆடும், சலாம் வைக்கும். அவரிடம் அத்தை கரடி முடித் தாயத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். அரியலூர் டாக்டரம்மா கொடுத்த மாத்திரைகளையும் விடாமல் சாப்பிட்டாள். பையன் பிறந்தபோது பேர் வாங்கியது என்னவோ கரடிதான்.

பிள்ளையைக் கரடி முதுகில் உட்கார வைப்பதாக அத்தைக்கு வேண்டுதல். ஆனால் அந்த வருடம் கரடி வரவில்லை. வனத்துறைக்காரர்கள் அதை மீட்டு, சென்னைப் பக்கம் ஒரு சரணாலயத்தில் விட்டுவிட்டதாக மாமா விசாரித்துக்கொண்டு வந்தார். அதைத் தன் வேண்டுதலைக் கெடுக்க அரசாங்கம் செய்த சதி என்றே அத்தை எடுத்துக்கொண்டாள்.

"சாமி எடம் மாறிப் போச்சுன்னா நாமதான் தேடிப் போவணும்" என்றாள்.

அரியலூரில் ரயிலேறினோம். அத்தை, மாமா, மடியில் பொம்மை உடுக்கையோடு பையன், வாழைப்பழப் பையோடு நான்.

சரணாலயத்தில் பெரிய பள்ளத்துக்கு அப்பால் மூன்று கரடிகள் இருந்தன. காவலாளியிடம் அத்தை, பிள்ளையை ஒரே ஒரு தடவை முதுகில் உட்கார வைத்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா அவசரமாக ஓர் அறிவிப்புப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார். இங்கிருந்தே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் காவலாளி நகர்ந்தார்.

ஒரு கரடி தலையைத் திருப்பியபோது, மூக்கில் கரடிக்காரர் கயிறு கோத்திருந்த ஓட்டையை வைத்து அத்தை அதுதான் நம் கரடி என்று கண்டுபிடித்தாள். அதற்குள் அது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கறையான் புற்றைத் தோண்ட ஆரம்பித்துவிட்டது. ராசா, ராசா என்று எத்தனை கூப்பிட்டும் திரும்பவில்லை.

"டவுனுக்கு வந்ததும் ஆளே மாறிட்டான்" என்றாள் அத்தை, மாமாவிடம்.

அப்போது பையன் தன் பொம்மை உடுக்கையை ஆட்டினான். டபடபவென்று சத்தம். கரடி தோண்டுவதை நிறுத்தியது. இரண்டு காலில் எழுந்து, நெற்றிக்குக் கை வைத்து, இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கியது. நான் குதித்துக் குதித்துக் கை தட்டினேன். அத்தை கண்கலங்கிப் பையனை உயரத் தூக்கினாள்.

"தெரியுதா ராசா? இவன்தான்."

காவலாளி ஓடி வந்தார். "அத மொதல்ல வாங்குங்கம்மா. ஆடலன்னா அடி விழும்னு நெனச்சு ஆடுதும்மா அது."

அத்தையின் கைகள் இறங்கின. உடுக்கையைப் பிடுங்கி என் பைக்குள் திணித்தாள். பையன் வீறிட்டான். சத்தம் நின்ற பிறகும் கரடி கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தது. யாரும் வரவில்லை. மெல்லக் கீழே இறங்கி, புற்றுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது.

திரும்பும்போது அத்தை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை இன்னும் நன்றாக அடையாளம் தெரிந்துகொள்ளும் என்று மாமா ஆறுதல் சொன்னார்.

"வேணாங்க. அவன் நம்மள மறந்துட்டான்னா போதும்."

அத்தைக்குக் கரடி மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். பாவம், நன்றாகத்தானே ஆடியது என்று, அரியலூர் வரும்வரை அதற்காகப் பரிந்து பேசிக்கொண்டே வந்தேன்.