சங்கு ஊதினால் கிழவனுக்குக் கஞ்சி

குதிரை வாங்கப் போன என் வீட்டுக்காரர் குதிரையின் எலும்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். மேலே தோல் போர்த்தியிருந்ததால் அதைக் குதிரை என்று நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பெங்களூர் தண்டில் பட்டாளத்துக்கு உழைத்து, வயதாகிப்போனதால் கழித்துவிடப்பட்ட உருப்படி. பங்காருபேட்டை வழியாக நடத்தியே கூட்டி வந்தார். வந்து சேர்ந்தபோது இரண்டு பேரும் நொண்டிக்கொண்டிருந்தார்கள்.

குதிரை நொண்டியது நடந்த களைப்பில். அவர் நொண்டியது தங்கச் சுரங்கத்தால். அதற்கு முந்தைய வருஷம் ஒரு மத்தியானம், ஷிப்ட் முடியாத நேரத்தில் சுரங்கத்துச் சங்கு ஊதியது. வேளை கெட்ட வேளையில் ஊதினால் கீழே பாறை சரிந்துவிட்டது என்று அர்த்தம். சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அடுப்பில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சுரங்க வாயான ஷாப்டுக்கு ஓடினோம். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் மேலே வந்தவர்களில் என் ஆளும் இருந்தார். உயிர் முழுசாக இருந்தது, ஒரு கால்தான் நசுங்கிப் போயிருந்தது.

கால் ஒருவழியாக ஒட்டியதும், கையில் இருந்ததையெல்லாம் கொட்டி ஒரு பழைய ஜட்காவையும், கிழவன் என்று நாங்கள் பேர் வைத்த இந்தக் குதிரையையும் வாங்கினார். மாரிகுப்பம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை ஆண்டர்சன்பேட்டைக்கு ஏற்றிப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஜட்கா ஓட்ட லைசென்ஸ் வில்லை வேண்டும். வில்லை கொடுக்கும் இன்ஸ்பெக்டர் வந்து, கிழவனின் விலாவை ஆர்மோனியக் கட்டையைத் தொடுவது போல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மழைக்காலம் முடிந்ததும் திரும்பி வருவேன், அப்போதும் எலும்பு தெரிந்தால் வில்லை கிடையாது, அதுவரை வண்டியில் பூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வில்லை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்கவே இல்லை. கான்ட்ராக்ட் மேஸ்திரி ஒருவர் வாரம் தவறாமல் வந்து, நொண்டிக் காலோடும் கீழே மண் தள்ளலாம், வா என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இவரும் வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த மேஸ்திரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆக, குதிரையின் விலாவில் சதை ஏறாவிட்டால் என் புருஷன் திரும்பவும் கேஜில் இறங்குவார். விஷயம் இவ்வளவுதான்.

அவர் கொள்ளை வேகவைத்துக் கொட்டினார், வைக்கோலை மலையாகக் குவித்தார். கிழவனும் நாள் முழுக்க மென்றான். ஆனால் கொழுத்தவை எங்கள் கோழிகள். எனக்குச் சந்தேகம் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். மென்று மென்று, பாதியைச் சக்கை உருண்டையாகக் கீழே துப்பிக்கொண்டிருந்தான். கோழிகள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டிருந்தன. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் பல்லெல்லாம் தேய்ந்து மழுங்கிக் கிடந்தது.

இந்த வாயை நான் தினமும் வீட்டுக்குள் பார்க்கிறவள்தானே. என் மாமியாருக்கும் பல் இல்லை. அவளுக்குக் கேழ்வரகைக் கூழாகக் காய்ச்சித்தான் ஊற்றுகிறேன். அவளுக்குச் செய்கிறதை இவனுக்கும் செய்தால் என்ன என்று தோன்றியது. கொள்ளை ஊறவைத்து, வேகவைத்து, ஆட்டுக்கல்லில் மசிய அரைத்தேன். தவிடும் ஊறிய கடலைப் பிண்ணாக்கும் சேர்த்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, உப்பும் ஒரு துண்டு வெல்லமும் போட்டுக் கஞ்சியாகக் கரைத்து வைத்தேன். கிழவன் தொட்டியின் அடிவரை நக்கினான். கோழிகள் அன்று முழுவதும் என்னை முறைத்தன.

மாமியார் அதற்கு மேல் முறைத்தாள். குதிரைக் கஞ்சியில் வெல்லம் விழுகிறதை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"எனுக்கு இல்லாத வெல்லம் அந்தக் குதிரைக்கு இன்னாத்துக்கு?"

"நீங்களும் வண்டி இழுங்க அத்தே, உங்களுக்கும் போடறேன்."

அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வீட்டில் வேலை நன்றாக நடந்தது.

கஞ்சி பிடித்துப்போனதைப் பார்த்த என் வீட்டுக்காரர், ஆசைப்பட்டு ஒரு நாள் பானை முழுவதையும் ஒரே வேளையில் வைத்துவிட்டார். கிழவன் வயிறு ஊதிப் போய்த் தரையில் விழுந்து புரண்டான். ஓமத் தண்ணீரைப் புகட்டி, லைனைச் சுற்றிச் சுற்றி நடத்தினோம். பெரிய பெரிய சத்தத்தோடு அவன் வயிறு இறங்கியபோது லைனே கைதட்டியது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புத்தி வந்தது.

அடிக்கடி என்றால் எப்போது? எங்கள் லைனில் யாரிடமும் கடிகாரம் கிடையாது. எழுந்திருப்பது, சோறு கட்டுவது, ஆளை அனுப்புவது எல்லாம் சங்குக்குத்தான். சுரங்கத்துக்காரி வேறு எப்படி யோசிப்பாள்? குதிரையையும் ஷிப்டில் சேர்த்துவிட்டேன். ஆள் கூப்பிடும் சங்குக்கு ஒரு சட்டி, ஆள் இறங்கும் சங்குக்கு ஒரு சட்டி, ராத்திரி ஷிப்டுக்கும் திட்டிக்கொண்டே எழுந்து ஒரு சட்டி.

இதில் ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாறை சரிந்த அந்த நாளிலிருந்து, சரியான நேரத்துச் சங்கு கேட்டாலும் நான் வாசல்வரை ஓடி, அவர் வீட்டில்தான் இருக்கிறார் என்று பார்த்த பிறகுதான் திரும்புவேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு கிழவனிடம் போனால் அந்த ஓட்டம் நின்றுவிடும். அவன் தலையை முட்டிக்கொண்டு குடிப்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

மழை முடிவதற்குள் விலாவை மூடிச் சதை ஏறிவிட்டது. முதுகுப் பள்ளம் நிரம்பியது, தோல் மினுமினுத்தது. கடித்துத் தின்ன முடியாதவன் என்னைச் செல்லமாகக் கடிக்கவும் கற்றுக்கொண்டான்.

சொன்னபடி இன்ஸ்பெக்டர் ரயிலில் வந்து இறங்கினார்; என் வீட்டுக்காரர் கிழவனையும் ஜட்காவையும் ஸ்டேஷனுக்கே கொண்டுபோயிருந்தார். இன்ஸ்பெக்டர் குதிரையைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினாராம். உடம்பு சரி, இழுக்குமா பார்ப்போம் என்று ஜட்காவில் ஏறி உட்கார்ந்து, ஆண்டர்சன்பேட்டைக்கு ஓட்டச் சொன்னாராம். கடைத்தெரு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஷிப்ட் சங்கு ஊதியிருக்கிறது.

நான் வழக்கம்போலச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கிழவன் வீட்டில் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் லைன் முனையில் கூச்சல் கேட்டது. ஜட்கா பறந்து வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்று லகானை இழுக்கிறார். பின்னால் இன்ஸ்பெக்டர் ஒரு கையால் கூண்டையும் மறு கையால் தலைப்பாகையையும் பிடித்துக்கொண்டிருக்கிறார். வழியில் காய்ந்த யாருடைய சேலையோ அவர் தோளில் கிடந்தது. கிழவன் நேராக வந்து தொட்டியில் மூக்கை வைத்து நின்றான். ஓட்டத்தில் விழாத இன்ஸ்பெக்டர், நின்ற வேகத்தில் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

வில்லை போயிற்று, இனி அவருக்குக் கேஜ்தான் என்று நினைத்தேன். கை மட்டும் பழக்கத்தில் கஞ்சியை ஊற்றியது. இன்ஸ்பெக்டர் எழுந்து, தவிட்டைத் தட்டிவிட்டு, இந்தக் குதிரைக்கு என்ன கேடு என்று கேட்டார்.

"சங்கு ஊதிச்சுங்க. அதுக்குச் சாப்பாட்டு நேரம்," என்றேன்.

அவர் கிழவன் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தார். அன்று நடக்கவே முடியாத குதிரை இன்று தன்னை எங்கே கொண்டுவந்து தள்ளியிருக்கிறது என்று யோசித்தாரோ என்னவோ, சிரித்துவிட்டார். வில்லையைக் கொடுத்தார். ஆனால் சங்கு நேரத்தில் வண்டியை ஓரங்கட்டி, கொள்ளுப்பையில் கஞ்சியைக் கெட்டியாகப் போட்டுக் குதிரை வாயில் மாட்டிவிட வேண்டும், தின்று முடித்த பிறகுதான் சவாரி என்று உத்தரவு போட்டார். சேலையை மறக்காமல் மடித்துக் கொடுத்துவிட்டு நடந்தே போனார்.

வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் திரும்பினார். நான் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

"வில்லைதான் குடுத்துட்டாரே, இன்னாத்துக்கு அழுவுற?"

"எப்பவும் சங்கு ஊதனா நான்தான் ஒன்னத் தேடி ஓடுவேன். இன்னிக்கு நீ ஓடியாந்தய்யா."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, கெட்டுப்போன காலை நீட்டிக்கொண்டார். உள்ளேயிருந்து மாமியார், குதிரை தின்று முடித்துவிட்டதென்றால் தனக்கும் கூழ் வேண்டும் என்று கூப்பிட்டாள். அன்றைக்கு அவள் கூழில் வெல்லம் போட்டேன்.