மக்ரிப் இடைவேளையில் பதிவான குரல்

எங்கள் வீட்டில் இணையம் நன்றாகக் கிடைப்பது சாமி மேடைக்குப் பக்கத்தில்தான். மோடம் பொருத்த வந்தவரிடம், எலி வராத, யார் காலும் படாத இடம் அது ஒன்றுதான் என்று அம்மா காட்டிவிட்டார். முருகன் படத்துக்கும் விபூதித் தட்டுக்கும் நடுவில் மோடம் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அம்மா அதற்கும் சேர்த்தே சாம்பிராணி காட்டுவார். பல்கலைக்கழக வகுப்புகளை நான் அந்த மேடைக்குக் கீழே பாய் விரித்து, மடிக்கணினியை எதிரில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

எங்கள் சின்ன ஊரான லாயாங் லாயாங்கில் சாயங்காலம் அவசரப்படாது. செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து வெளிச்சம் மங்கிக்கொண்டே வரும். ரயில் ஒன்று கடந்து, ஜன்னல் கண்ணாடி நடுங்கி அடங்கிய பிறகு ஊரே தூக்கத்தில் நடப்பது போலிருக்கும். வெள்ளிக்கிழமை வகுப்பு அந்த நேரத்தில்தான். மக்ரிப் தொழுகைக்காக விரிவுரையாளர் இடைவேளை விடுவார். அம்மா விளக்கேற்றுவதும் அப்போதுதான்.

அம்மா மந்திரம் சொல்லிக் கும்பிடுகிற ரகம் இல்லை. முருகனிடம் வாய்விட்டுப் பேசுவார். மீன் விலை, தொழிற்சாலை சூப்பர்வைசரின் கொழுப்பு, இவ்வளவுக்கும் முருகன் மயில் மேல் சொகுசாக உட்கார்ந்திருப்பது, எல்லாம் வரும். அப்பா போன பிறகு அம்மா மனம்விட்டுப் பேசிய ஒரே ஆள் முருகன்தான். அந்த நேரத்தில் நான் ஹெட்போனில் பாட்டுக் கேட்பேன். அதுதான் எங்களுக்குள் இருந்த மரியாதை.

ஒரு வெள்ளிக்கிழமை இடைவேளைக்குச் சற்று முன்புதான் வகுப்புக்கு என் படைப்பைப் பேசி முடித்திருந்தேன். முடித்த நிம்மதியில் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். சாம்பிராணிப் புகையிலும் பாட்டிலும் கண் சொருகியது. இடைவேளையில் வகுப்புப் பதிவை நிறுத்துகிற வழக்கமே விரிவுரையாளருக்கு இல்லை.

தேர்வு நெருங்கியபோது, என் படைப்பைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று மறுபடி கேட்க, ஒரு மழை மதியத்தில் அந்தப் பதிவைத் திறந்தேன். இடைவேளையில் திரையில் எல்லாருடைய கட்டங்களிலும் காலி நாற்காலிகள். ஒரு கட்டத்தில் மட்டும் நான் கண்மூடி உட்கார்ந்திருந்தேன். பின்னால் புகை. என்னையே யாரோ கனவு காண்பது போலிருந்தது. அப்போதுதான் அம்மாவின் குரல் வந்தது.

“மார்ல கட்டி மாதிரி ஒண்ணு இருக்கு, முருகா. புள்ள படிச்சி முடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம். நீயும் யார்ட்டயும் சொல்லிடாத லா.”

மழை பெய்துகொண்டிருந்ததே தவிர, சத்தம் காதில் விழவில்லை. பிறகுதான் கோபம் வந்தது. அந்தப் பதிவை வகுப்பில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம், இறக்கி வைத்துக்கொள்ளலாம். அம்மா போகிற கோயிலுக்கே வருகிற வீட்டுப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள்.

விரிவுரையாளருக்குப் போன் அடித்தேன். நல்ல மனிதர்தான், பதறிப்போனார். ஆனால் வகுப்புக்குள் நுழையும்போதே பதிவுக்கு எல்லாரும் சம்மதம் என்று அழுத்தித்தானே வருகிறீர்கள் என்றார். போதாததற்கு, தமிழ் எத்தனை பேருக்குப் புரியப்போகிறது என்று ஆறுதல் வேறு. அழுத்தியது நான், என் அம்மா எதையும் அழுத்தவில்லை என்று மலாயில் கத்திவிட்டேன். அன்றே பதிவை எடுத்துவிட்டார். அதற்கு முன்பே யாராவது இறக்கிவைத்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். மன்னிப்புத்தான் கேட்டார்.

மறுநாள் காலையில் அம்மாவை, அவர் முரண்டு பிடிக்கப் பிடிக்க, குளுவாங் மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். எண் வருவதற்காகக் காத்திருந்தபோதுதான் கேட்டார்.

“ஒனக்கு யாரு சொன்னது?”

முருகன் கனவில் வந்து சொன்னார் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருப்பார், சந்தோஷமும் பட்டிருப்பார். ஆனால் அவரிடம் அப்படி விளையாட எனக்கு மனம் வரவில்லை. வகுப்புப் பதிவில் கேட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். அம்மா சுவரிலிருந்த எண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற யாரெல்லாம் கேட்டாங்க?”

“தெரியலம்மா.”

பயப்பட வேண்டிய கட்டி இல்லை என்று பரிசோதித்த பிறகு சொன்னார்கள். மருத்துவமனைக் கேண்டீனில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா என் தட்டிலிருந்த மீ கோரெங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை. வகுப்புகள் முடிந்துவிட்டன. மோடத்தை அடுப்படிக்கு மாற்றியிருந்தேன். மடிக்கணினி மூடித்தான் கிடந்தது. அம்மா அதன்மேல் ஒரு துண்டை எடுத்துப் போட்டுவிட்டு விளக்கேற்றினார். நான் பழக்க தோஷத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அம்மாவின் உதடுகள் அசைந்தன. ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதும் எதுவும் கேட்கவில்லை.