குறுக்கே இரண்டு கோடு

கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் தபித்தாளுக்கு, இறந்துபோன புருஷன் செல்லதுரையின் பி.எஃப். பணம் செக்காக வந்தது. கொழுந்து லாரி வளைவில் கவிழ்ந்து அவர் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவள் இன்னும் அழவில்லை. எழுந்தாள், பறித்தாள், மகளுக்குச் சமைத்தாள், படுத்தாள்.

கோத்தகிரி பேங்கில் சுலோச்சனா என்கிற கிளார்க் செக்கை வாங்கிப் பார்த்தாள்.

“இதுக்குக் கையில பணம் தர முடியாதுங்கம்மா. மூலையில குறுக்க ரெண்டு கோடு போட்டிருக்குது பாருங்க. உங்க பேர்ல கணக்கு ஆரம்பிச்சு அதுலதான் போடோணும். இங்க கணக்கு இருக்கறவங்க யாராச்சும் உங்களைத் தெரியும்னு கையெழுத்துப் போடோணுங்க.”

தபித்தாளுக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது. சங்கிலி. ‘சங்கிலி பேங்குல பணம் போடறான், நாமளும் போடோணும்’ என்று செல்லதுரை அடிக்கடி சொல்வார். அன்றைக்கு லாரியை ஓட்டியவன் அவன்தான். சாவுக்குக்கூட வரவில்லை. எஸ்டேட்டை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

அவளைக் கண்டதும் முதுகிலிருந்த மூட்டையைக் கீழே போட்டான்.

“பேங்க்ல ஒரு கையெழுத்து வேணும்,” என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு அவளோடு வந்தான். கணக்கு ஆரம்பிக்கும் பாரத்தில் கையெழுத்துப் போட்டான். அவனைப் பார்த்தால் கோபம் வரும் என்று தபித்தாள் எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

வெளியே வந்ததும் சங்கிலி அவளை நிறுத்தினான். “அக்கா, பிரேக்கு புடிக்கலீங்க...”

“அது வேண்டாம். அன்னைக்குக் காலைல சாப்பிடாமப் போனாரு. வழியில ஏதாச்சும் தின்னாரா?”

“ரெண்டு போண்டா தின்னாருங்க. டீ குடிச்சாரு. எனக்கும் சேத்து அண்ணன்தான் காசு குடுத்தாரு.”

“சரி,” என்று பஸ்ஸுக்குப் போனாள்.

செக் கலெக்‌ஷன் ஆகிப் பணம் கணக்கில் ஏறிய பிறகு மறுபடி பேங்குக்கு வந்தாள். பணம் எடுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்து, பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கேஷியர் நம்பரைக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை. பக்கத்திலிருந்தவர்தான் தோளைத் தொட்டார். மகளின் ஸ்வெட்டருக்கும் அரிசிக்கும் ஆகிற அளவு மட்டும் எடுத்தாள்.

“மிச்சத்துக்கு வட்டி சேருங்கம்மா,” என்றாள் சுலோச்சனா.

“சேரட்டும்,” என்றாள் தபித்தாள்.